போரிபந்தர் முதல் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் வரை: ஒரு ரயில் நிலையமும் அதன் சுற்றுப்புறமும்

இடப்பெயராய்வு நம் நாட்டில் பெரிதும் ஊர்ப்பெயர்களையே பற்றி நிற்கிறது. மலை, ஆறு, குளம், குடி, பட்டினம் என்று முடியும் பெயர்களைத் தொகுத்து வகைப்படுத்துவதில் நாம் காட்டிய ஊக்கத்தை ஒரு நகரத்தின் தெருமுனை, பாலம், நிலையம் போன்றவற்றின் பெயர்களில் காட்டவில்லை. நகரப் பெயர்கள் அடிக்கடி மாறுவன, அரசாணையால் பிறப்பன, ஆகவே அவற்றில் மொழி வரலாறு இல்லை என்ற எண்ணம் ஒரு காரணமாகலாம். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்கு மும்பையின் தலைமை ரயில் நிலையம் நல்ல சான்று. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக் காலத்தில் அந்நிலமும் அதன்மீது எழுந்த நிலையமும் பெற்ற பெயர்கள் பல. அரசு இட்ட பெயரும் மக்கள் வழங்கிய பெயரும் அங்கு ஒன்றாக இருந்த காலம் மிகக் குறைவு. அப்பெயர்களின் வழியே அவ்விடத்தின் வரலாற்றைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

தூக்குக்குளமும் தேவியின் கோயிலும்

நிலையம் நிற்கும் இடம் பழைய பம்பாய்க் கோட்டைக்கு வடக்கே, மதிலுக்கு வெளியே இருந்தது. அங்கே ஒரு குளம். அதனை மக்கள் 'பான்சி தலாவ்' என்றனர். 'பான்சி' (மராத்தியில் 'பாசி' என மூக்கொலியோடு ஒலிப்பது) என்றால் தூக்குத் தண்டனை. 'தலாவ்' என்றால் குளம். தூக்குமரம் நின்ற இடத்துக் குளம் ஆதலின் தூக்குக்குளம். அதே பகுதியில்தான் கோளி மீனவர்களின் தெய்வமாகிய மும்பாதேவியின் பழைய கோயிலும் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் கோட்டையின் பாதுகாப்புக்காகச் சுற்றுப்புறம் திருத்தப்பட்டபோது கோயில் அங்கிருந்து அகற்றப்பட்டுப் புலேஷ்வர்ப் பகுதியில் மீண்டும் கட்டப்பட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

நகரத்தின் பெயர் இத்தேவியிடமிருந்து வந்தது என்பதை ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்பர். 'மும்பா' என்பதோடு தாயைக் குறிக்கும் 'ஆயி' சேர்ந்து 'மும்பாயி' ஆகி 'மும்பயீ' என நின்றது. போர்த்துகீசியர் 'நல்ல வளைகுடா' என்ற பொருளில் 'பொம் பாயியா' என்று அழைத்ததே பம்பாய் ஆயிற்று என்ற விளக்கம் பள்ளிப் புத்தகங்களில்கூட இடம்பெற்றது. இதற்கு ஓர் எளிய இலக்கணத் தடை உண்டு. போர்த்துகீசிய மொழியில் வளைகுடாவைக் குறிக்கும் பெயர் பெண்பால்; 'பொம்' என்ற அடைமொழி ஆண்பால். அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் 'போவா' என்ற பெண்பால் வடிவத்தையே இட்டிருப்பர். கேட்ட சொல்லைத் தம் மொழியின் சொல்லாக எண்ணிப் பொருள் கற்பிப்பது எல்லா மக்களுக்கும் இயல்பு. அவ்வகையில் பிறந்த விளக்கமே இது.

ஆக, பின்னாளில் நாட்டின் மிகப் பெரிய நிலையங்களுள் ஒன்று எழுந்த இடத்தில் முன்பு இருந்தவை இரண்டு: நகரத்துக்குப் பெயர் தந்த தெய்வத்தின் கோயில், குற்றவாளிகளைத் தொங்கவிட்ட மரம். கோயில் பெயர்ந்து சென்றது. குளம் தூர்ந்தது. தூக்குக்குளம் என்ற பெயர் மட்டும் நகர வரலாறுகளில் எஞ்சியுள்ளது.

போரிபந்தர்: சாக்கா, இலந்தையா?

அப்பகுதிக்குப் பின்னர் வழங்கிய பெயர் போரிபந்தர். கிழக்கே கடலோரம் சரக்குகள் ஏற்றி இறக்கும் துறை ஒன்று இருந்ததால் வந்த பெயர் இது. 'பந்தர்' பாரசீகச் சொல். துறைமுகம் என்று பொருள்படும். இந்தியக் கடற்கரை முழுவதும் இச்சொல் பரவியுள்ளது. குஜராத்தில் போர்பந்தர், ஆந்திரத்தில் மசூலிப்பட்டினத்துக்கே பந்தர் என்ற மறுபெயர் உண்டு. துறைமுக அதிகாரியை ஷாபந்தர் என்றனர். பதிற்றுப்பத்தில் கொடுமணத்தோடு சேர்த்துக் கூறப்படும் 'பந்தர்' என்னும் ஊர்ப்பெயரையும் இச்சொல்லோடு தொடர்புபடுத்தியோர் உளர். அத்தொடர்பு உண்மையானால் இச்சொல்லின் இந்திய வரலாறு நாம் எண்ணுவதைவிட மிகத் தொன்மையானதாகும். ஆயின் கால இடைவெளி பெரிது. ஒலி ஒற்றுமை ஒன்றையே கொண்டு முடிவு கூறுதல் இயலாது.

'போரி' என்ற முற்பகுதிக்கு இரு விளக்கங்கள் உள்ளன. முதலாவது, 'போரி' என்றால் சாக்குமூட்டை; மூட்டைகளை அடுக்கிய துறையாதலின் போரிபந்தர் என்பது. நகர வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இதனையே கூறுவர். இரண்டாவது, மராத்தியில் 'போர்' என்பது இலந்தைப் பழம், 'போரி' என்பது அதன் மரம். இலந்தை மரங்கள் நின்ற துறை என்பது.

இவற்றுள் எது பொருத்தம்? முதலில் சாக்கு விளக்கத்தை நோக்குவோம். சாக்கைக் குறிக்க மராத்தியில் பெருவழக்காக உள்ள சொற்கள் 'கோணி', 'போதே' என்பன. (இக்கோணிதான் தமிழிலும் வழங்குகிறது, ஆங்கிலத்துக்குச் சென்று 'கன்னி' ஆயிற்று.) 'போரி' என்பது இந்தி, குஜராத்தி வழக்கில் மிகுதி. துறையில் குஜராத்தி வணிகர் மிகுதியாக இருந்தனர் என்பதால் மட்டும் இதனைத் தள்ளிவிட முடியாது. மேலும் மும்பைத் துறைகளுள் சரக்கின் பெயரால் அமைந்தவை உண்டு. தானியம் இறங்கிய துறை தானா பந்தர். மரம் இறங்கிய துறை லக்டி பந்தர். இந்த வரிசையில் போரிபந்தரையும் வைக்கலாம் என்று தோன்றும்.

எனினும் ஒரு வேறுபாடு உள்ளது. தானாவும் லக்டியும் சரக்குகள். போரி சரக்கன்று, சரக்கை அடைக்கும் பை. எல்லாத் துறைகளிலும் மூட்டைகள் இருந்திருக்கும். ஒரு துறையை மட்டும் பிரித்துக் காட்ட அது உதவாது. பெயரிடுதலின் அடிப்படை பிரித்துக் காட்டுதல் அல்லவா?

மறுபுறம் மரப்பெயர்களால் அமைந்த இடங்கள் மும்பையில் எண்ணிறந்தன. போரிபந்தருக்குச் சற்று வடக்கே இருப்பது சிஞ்ச் பந்தர். 'சிஞ்ச்' என்றால் புளி. உமர்காடி என்பதில் 'உம்பர்' அத்தி. தார்தேவ் என்பதில் 'தாட்' பனை. வடாலா என்பதில் 'வட்' ஆல். பேண்டி பஜார் என்பதில் 'பேண்டி' பூவரசு. (கிராபோர்டு சந்தைக்குப் 'பின்னால்' இருப்பதைக் குறித்த ஆங்கிலச் சொல்லே திரிந்து பேண்டி ஆயிற்று என்று ஒரு கதை உண்டு. 'பொம் பாயியா'வைப் போன்ற கதையே இதுவும்.) நிலையத்திலிருந்து வடக்கே செல்லும் வண்டியில் ஏறினால் சிறிது நேரத்தில் வருவது சிஞ்ச்போக்ளி, அங்கும் புளி. நெடுந்தொலைவில் உள்ள போரிவலியின் பெயரையும் இலந்தையோடுதான் இணைப்பர். சிஞ்ச் பந்தர், போரிபந்தர் என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது இலந்தை விளக்கமே வலுவுடையதாக எனக்குப் படுகிறது. சாக்குமூட்டை பிற்காலத்தில், மரங்கள் மறைந்து மூட்டைகள் மட்டும் கண்ணில் பட்ட காலத்தில் எழுந்த பொருள் எனலாம்.

பெயரின் மூலப்பொருள் மறைந்து வேறு பொருள் ஏறுவதற்கு அண்டை நிலையமான மஸ்ஜித் இன்னும் சுவையான சான்று. அப்பகுதி முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் பகுதி. ஆகவே பள்ளிவாசலால் வந்த பெயர் என்றே எவரும் கொள்வர். ஆனால் 1796இல் சாமுவேல் எசக்கியேல் திவேகர் என்பவர் கட்டிய யூதர் தொழுகைக்கூடத்தையே அப்பெயர் குறிக்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட பெனே இஸ்ரேல் யூதர்கள் தம் தொழுகையிடத்தையும் மஸ்ஜித் (மஷீத்) என்றே வழங்கினர். அச்சொல்லுக்கு அன்று இருந்த அகன்ற பொருள் பின்னர்ச் சுருங்கியது.

தீவண்டி வந்தது

1849ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டத்தால் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே கம்பெனி நிறுவப்பெற்றது. பம்பாயில் இம்முயற்சிக்கு முன்னின்ற இந்தியருள் ஜகந்நாத் சங்கர்சேட், ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பிற்பகலில் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் வண்டி புறப்பட்டது. 14 பெட்டிகள், ஏறத்தாழ 400 விருந்தினர், சாஹிப், சிந்து, சுல்தான் என்ற பெயர்களையுடைய 3 எஞ்சின்கள், 21 குண்டு முழக்கம், 34 கிலோமீட்டர் தொலைவு. எஞ்சின்களுக்கும் பெயரிட்டனர் என்பதையும், அப்பெயர்களுள் ஒன்றுகூட ஆங்கிலப் பெயரன்று என்பதையும் இங்கே கருதுதல் தகும்.

அன்று நிலையம் எளிய கட்டடம். பெயரும் எளியதே. துறையின் பெயர் நிலையத்தின் பெயராயிற்று. இடத்தின் பெயரே நிலையத்துக்கும் அமைவது ரயில்வேயின் இயல்பான வழக்கம். அவ்வழக்கப்படி அமைந்த பெயரை மக்கள் நெடுங்காலம் விடவில்லை. விக்டோரியாவின் பெயர் வந்து பல தலைமுறை கடந்த பின்னும் மராத்தி பேசுவோர் நிலையத்தைப் போரிபந்தர் என்று சொல்வதுண்டு.

புதிய வண்டிக்கு மராத்தியர் இட்ட பெயர் 'ஆக்காடி'. 'ஆக்' என்றால் தீ. 'காடி' என்றால் வண்டி. தமிழர் அதனைப் புகைவண்டி என்றனர். மராத்தியர் தீயைக் கண்டனர், நாம் புகையைக் கண்டோம். தருக்க நூலார் காட்டும் புகைக்கும் நெருப்புக்குமான உறவு இருமொழிக்கிடையே இவ்வாறு பங்கிடப்பட்டிருப்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் சிரிப்பு எழும். இருப்புப்பாதையை மராத்தியில் 'லோஹமார்க்' என்பர். இங்கு இரு மொழியும் ஒன்றுபடுகின்றன. நிலையத்தைக் குறிக்கும் 'ஸ்தானக்' எழுத்து வழக்கில் நிற்கிறது. பேச்சில் வழங்குவது 'ஸ்டேஷன்'தான்.

பாதை விரைந்து நீண்டது. 1854இல் கல்யாண், 1863இல் போர் கணவாய் ஏற்றப்பாதை, 1870இல் ஜபல்பூர் வழியே கல்கத்தாத் தொடர்பு, 1871இல் ராய்ச்சூரில் மதராஸ் ரயில்வேயோடு சந்திப்பு. இந்த ராய்ச்சூர்ச் சந்திப்புத்தான் தமிழ் பேசுவோரைப் பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தது. தாராவியின் தோல் தொழிலாளர் முதல் மாதுங்காவின் அலுவலக எழுத்தர் வரை, பின்வந்த தலைமுறைகளில் தெற்கிலிருந்து சென்றோருக்கு அந்நகரின் வாயில் இந்த இருப்புப்பாதையே.

அரசியின் பெயரும் கல்லில் எழுதிய மொழியும்

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது தடைப்பட்டது. பம்பாய்ப் பருத்தியின் விலை ஏறியது. நகரில் பணம் பெருகியது. அப்பெருக்கத்தின் நடுவில் ஆளுநர் பார்ட்டில் பிரேர் கோட்டை மதில்களை இடிக்கச் செய்தார். மதில் போயிற்று, மதில் வாயில்களின் பெயர்கள் போகவில்லை. சர்ச்கேட் இன்று மேற்கு ரயில்வேயின் பெருநிலையம். பஜார்கேட் நிலையத்தின் அருகே ஒரு தெரு. வாயில் இல்லாத இடத்தில் வாயிலின் பெயர் ஒன்றரை நூற்றாண்டாக நிற்கிறது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பம்பாய்த் துறைமுகத்தின் முதன்மை உறுதிப்பட்டது. கம்பெனிக்குத் தன் பெருமைக்கேற்ற தலைமை நிலையம் ஒன்று வேண்டியிருந்தது.

பிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் (1847–1900) வரைந்த திட்டத்தின்படி 1878இல் பணி தொடங்கி 1888இல் நிறைவுற்றது. செலவு ஏறத்தாழ 16 லட்ச ரூபாய். இடையில் 1887இல் அரசியின் ஆட்சிப் பொன்விழா வந்தது. நிலையம் விக்டோரியா டெர்மினஸ் ஆயிற்று. இலண்டனின் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தோடு இதனை ஒப்பிடுவர். கோதிக் பாணியும் இத்தாலியச் சாயலும் இந்திய வேலைப்பாடும் கலந்த கட்டடம். கூம்பிய வளைவுகள், வண்ணக் கண்ணாடிகள், நடுவே விலாவெலும்பு போன்ற வரிகளையுடைய எண்கோணக் குவிமாடம், அதன் உச்சியில் வலக்கையில் தீவட்டியும் இடக்கையில் சக்கரமும் ஏந்திய 'முன்னேற்றம்' என்னும் பெண்ணுருவம். நுழைவாயில் தூண்கள் இரண்டில் ஒன்றின்மேல் சிங்கம், மற்றொன்றின்மேல் புலி. சிங்கம் பிரிட்டனையும் புலி இந்தியாவையும் குறிக்கும்.

இவை யாவும் படிக்க வேண்டிய குறியீடுகளே. எழுத்தறியாதவருக்கும் விளங்குமாறு ஆட்சி தன்னைக் கல்லில் எழுதியது. சிங்கமும் புலியும் ஒரே உயரத்தில், ஒரே வாயிலின் இருபுறமும் அமர்ந்திருக்கின்றன. ஆனால் கடிகாரத்துக்குக் கீழே முகப்பின் நடுமாடத்தில் நின்றது அரசியின் சிலை. அது விடுதலைக்குப் பின் அகற்றப்பட்டது. மாடம் வெறுமையாக உள்ளது. சங்கர்சேட், ஜீஜீபாய் ஆகியோரின் தலையுருவங்கள் முகப்பில் இன்றும் உள்ளன.

கட்டடத்தின் சிற்ப வேலைகளைப் பற்றி ஒரு திருத்தம் கூற வேண்டும். இவை எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் தந்தை லாக்வுட் கிப்ளிங்கின் மேற்பார்வையில் நடந்தன என்று வழிகாட்டி நூல்கள் சில கூறுகின்றன. அவர் 1875இலேயே பம்பாய்க் கலைப்பள்ளியை விட்டு லாகூர் சென்றுவிட்டார்; நிலையப் பணி தொடங்கியதோ 1878இல். வேலை செய்தோர் ஜான் கிரிபித்ஸின் கீழ்ப் பயின்ற அப்பள்ளி மாணவர்கள். பள்ளி நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் இருக்கிறது. அங்கிருந்து சற்றே தள்ளியுள்ள கிராபோர்டு சந்தையின் புடைப்புச் சிற்பங்கள் லாக்வுட் கிப்ளிங்கின் படைப்பு. அதுவே இக்குழப்பத்துக்குக் காரணமாயிருக்கலாம். முகப்பிலுள்ள மயில்களையும் குரங்குகளையும் இலைக்கொடிகளையும் செதுக்கிய மாணவர்களின் பெயரைக் கேட்பார் இல்லை. பள்ளியை விட்டுப் போன ஆசிரியரின் பெயர் நிற்கிறது.

'விக்டோரியா' என்ற சொல் பம்பாய் மக்களிடம் என்ன ஆயிற்று என்பதும் அறியத்தக்கது. அந்நகரில் விக்டோரியா என்றால் குதிரை வண்டி. நிலைய வாசலிலும் கடற்கரையிலும் நின்ற அவ்வண்டிகளை 2015இல் உயர்நீதிமன்றம் சட்டத்துக்குப் புறம்பானவை என்று அறிவித்தது. அதுவரை வண்டியோட்டிக்கும் பயணிக்கும் அச்சொல் அரசியை நினைவூட்டியிராது. நிலையத்தின் பெயரோ 'வி.டி.' என்ற இரண்டெழுத்தாகச் சுருங்கியது. முதலெழுத்துச் சுருக்கம் ஒரு பெயரின் பொருளை முற்றிலும் உதிர்த்துவிடும் ஆற்றலுடையது. பேருந்து நடத்துநர் வி.டி. என்று கூவும்போது அவர் அரசியைப் போற்றவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

சுற்றுப்புறம்

நிலையத்துக்கு எதிரே அதே ஸ்டீவன்ஸ் வரைந்த மாநகராட்சிக் கட்டடம் 1893இல் எழுந்தது. தெற்கே செல்லும் பெருந்தெரு ஹார்ன்பி சாலை. இன்று தாதாபாய் நௌரோஜி சாலை. கிழக்கே துறைமுகத்தை ஒட்டிய பிரேர் சாலை இன்று தொழிற்சங்கத் தலைவர் பி. டிமெல்லோவின் பெயரைத் தாங்குகிறது. கார்னாக் சாலை லோகமான்ய திலகர் சாலையாயிற்று. கிராபோர்டு சந்தை மகாத்மா ஜோதிபா புலே மண்டயீ ஆயிற்று. மேற்கே தோபி தலாவ், அதாவது வண்ணான் குளம். குளம் எப்போதோ மறைந்துவிட்டது.

இப்பெயர் மாற்றங்கள் எல்லாம் ஒரே வகையில் பயன்பெறவில்லை. நௌரோஜி சாலை 'டி.என். ரோடு' எனச் சுருங்கி மக்கள் நாவில் ஏறிவிட்டது. ஹார்ன்பியை இன்று நகர வரலாறு பயில்வோரே அறிவர். ஆனால் கிராபோர்டு சந்தை கிராபோர்டு சந்தையாகவே இருக்கிறது. ஆர்தர் கிராபோர்டு என்ற ஆணையரின் மேல் மக்களுக்கு உள்ள பற்றா காரணம்? அன்று. சந்தைக்குச் செல்வோர் நாள்தோறும் பெயரைப் பேசுகின்றனர். பேச்சில் நாளும் புழங்கும் பெயர் எளிதில் பெயராது. சாலையின் பெயரோ முகவரியில், அதாவது எழுத்தில் வாழ்வது. எழுத்தில் வாழ்வதை எழுத்தால் மாற்றலாம்.

1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது. தீயும் இல்லை, புகையும் இல்லை. ஆயினும் 'ஆக்காடி'யும் 'புகைவண்டி'யும் அகராதிகளை விட்டு நீங்கவில்லை. புறநகர் மக்கள் தம் வண்டிக்குத் தேர்ந்த பெயர் 'லோக்கல்'. 1951இல் மத்திய ரயில்வே உருவானபோது இக்கட்டடம் அதன் தலைமையகமாயிற்று. இன்று 18 நடைமேடைகள்; அவற்றுள் 7 புறநகர் வண்டிகளுக்கு உரியவை. 2004இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

1996, 2017

1995இல் நகரத்தின் பெயர் மும்பை ஆயிற்று. மராத்தியில் அது முன்னும் அதுவே. மாறியவை ஆங்கிலமும் இந்தியும் தமிழும் முதலான பிற மொழிகளின் வழக்குகளே. பம்பாய் என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்த தமிழருக்கு மும்பை புதிய சொல். 1966இல் சிவசேனை தோன்றியதை அடுத்து அந்நகரில் தென்னிந்தியர்க்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை நினைவில் வைத்திருந்த குடும்பங்களுக்கு அது வெறும் ஒலிமாற்றமாக மட்டும் பட்டிராது. எனினும் தேவியின் பெயரை நகரம் திரும்பப் பெற்றதில் மொழியியலார் குறைகாண இடமில்லை.

1996இல் நிலையம் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆயிற்று. 2017இல் மகாராஜ் என்ற சொல் சேர்க்கப்பட்டது. இச்சேர்ப்பைச் சிலர் தேவையற்ற நீட்சி என்றனர். மராத்தி வழக்கை அறிந்தோர் அவ்வாறு கூறார். அம்மொழியில் 'சிவாஜி' என்று வறிதே சொல்வது மரியாதைக் குறைவு. 'மகாராஜ்' சேர்த்து, வினையையும் மரியாதைப் பன்மையில் முடிப்பதே மரபு. 1996இல் இட்ட பெயர் ஆங்கில வழக்குக்கு ஏற்பச் சுருக்கப்பட்ட பெயர். 2017இல் நடந்தது அதனை மராத்திக்குள் கொண்டுவந்த செயல் எனலாம்.

ஆனால் முதலெழுத்துச் சுருக்கம் இப்பெயரையும் விடவில்லை. வி.டி. போய் சி.எஸ்.டி. வந்தது, பின் சி.எஸ்.எம்.டி. ஆயிற்று. ரயில்வேயின் நிலையக் குறியீட்டில் இறுதி ஈரெழுத்தும் இடம் மாறின. அரசியின் பெயரை உதிர்த்த அதே நாவு மன்னரின் பெயரையும் உதிர்க்கிறது. யாரைப் போற்றப் பெயர் இடப்பட்டதோ அவர் சுருக்கத்தில் ஓரெழுத்தாக நிற்கிறார். மேலும் அந்நகரின் பன்னாட்டு விமான நிலையத்துக்கும் பழைய வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்துக்கும் இதே பெயர்தான். மூன்றையும் வேறுபடுத்துவது ஈற்றுச் சொல் ஒன்றே. புதிதாக வந்த பயணி வாடகை வண்டியில் ஏறி மன்னர் பெயரை மட்டும் சொன்னால் எங்கே இறங்குவார் என்று கூற முடியாது. போற்றுதல் மிகும்தோறும் சுட்டுதல் நலிவடைகிறது.

பெயர்ப்பலகைக்கு வருவோம். ரயில் நிலையங்களில் வட்டார மொழி, இந்தி, ஆங்கிலம் என்ற மூன்றிலும் பெயர் எழுத வேண்டும். மகாராட்டிரத்தில் முன்னைய இரண்டுக்கும் தேவநாகரியே எழுத்து. ஒரே பெயரை ஒரே எழுத்தில் இருமுறை ஏன் எழுத வேண்டும் என்று வெளியார் கேட்பர். அவை ஒன்றல்ல. பழைய பெயரை இந்தியில் எழுதும்போது முதலில் 'வி'. மராத்தியிலோ வகரத்தோடு ஹகரம் கூட்டி 'வ்ஹி' என எழுதுவர். புதிய பெயரில், 'சத்ரபதி' என்பதன் இறுதி இகரம் இந்தியில் குறில். மராத்தி எழுத்து விதிப்படி சொல்லின் இறுதியில் நெடிலே வரும். ஓர் உயிர்க்குறி அளவான இவ்வேறுபாட்டில்தான் ஒரு மொழி தன் இருப்பைக் காட்ட வேண்டியிருக்கிறது. பலகை எழுதுவோர் கவனக்குறைவால் ஒன்றையே இருமுறை எழுதிவிட்டால் அழிவது அக்குறி மட்டுமன்று.

ஒரு குரல், ஒரு பாலம்

2008ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் இரவு பயங்கரவாதிகள் இருவர் நிலையத்துக்குள் புகுந்து சுட்டனர். 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நெடுந்தொலைவு வண்டிகளுக்காகக் காத்திருந்தவர்கள். அப்போது புறநகர்ப் பகுதியில் வண்டிகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. அறிவிப்பு அறையிலிருந்த ரயில்வே ஊழியர் ஒருவர், வந்திறங்கும் பயணிகள் முன்வாயிலுக்கு வராமல் பின்வழியே வெளியேறும்படி ஒலிபெருக்கியில் இந்தியிலும் மராத்தியிலும் திரும்பத் திரும்பக் கூறினார். பலர் உயிர் தப்பியது அதனால்தான்.

நிலைய அறிவிப்பு நாம் அரைகுறையாகவே கேட்கும் மொழி. அதன் வாய்பாடுகள் அனைவருக்கும் மனப்பாடம். 'தயவுசெய்து கவனியுங்கள்' என்ற தொடக்கத்தை எவரும் கவனிப்பதில்லை. அன்றிரவு அவ்வூழியர் வாய்பாட்டை விட்டுவிட்டுத் தம் சொந்தச் சொற்களில் பேசினார். கேட்டவர்கள் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். எத்தனை மொழி எழுதப்பட்டிருக்கிறது என்று பலகைகளில் எண்ணும் நாம், மக்கள் ஓடித் தப்ப உதவிய மொழிகள் எவை என்பதையும் எண்ண வேண்டும்.

நிலையத்திலிருந்து எதிர்ப்புறம் செல்ல ஒரு நடைபாலம் இருந்தது. ஆவணங்களில் அதன் பெயர் இமாலயா பாலம். 2008க்குப் பின் மக்கள் அதனைக் கொலையாளிகளுள் பிடிபட்டவனின் பெயரால் 'கசாப் பாலம்' என்று அழைக்கத் தொடங்கினர். அவ்வழியே அவர்கள் வெளியேறினர் என்பதே அதற்குக் காரணம். எவரும் ஆணையிடவில்லை, எந்த மன்றமும் தீர்மானம் நிறைவேற்றவில்லை. பெருமைப்படுத்துவதற்கு இட்ட பெயரும் அன்று அது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குளத்தைத் தூக்குக்குளம் என்று அழைத்த அதே வகையில், இங்கே இது நடந்தது என்று சுட்டுவதற்காக மக்கள் இட்ட பெயர். இடத்தை மதிப்பதற்கு அரசு பெயரிடுகிறது. இடத்தை அடையாளம் காண்பதற்கு மக்கள் பெயரிடுகின்றனர். பின்னதில் சாவு அச்சமின்றி இடம்பெறுகிறது.

2019ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் மாலை, அலுவலகம் விட்டு மக்கள் நிலையம் நோக்கி நடந்துகொண்டிருந்த வேளையில் அப்பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நடந்து சென்றோர் சிலர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். மறுநாள் செய்திகளில் பாலத்துக்கு இரண்டு பெயரும் சேர்ந்தே வந்தன. எஞ்சிய பகுதியும் பின்னர் அகற்றப்பட்டது. 2023இல் அவ்விடத்தில் புதிய நடைபாலம் திறக்கப்பட்டது. ஆவணங்களில் அதன் பெயர் இப்போதும் இமாலயா பாலம்.